இடது பக்கத்தில் எழுதிய வார்த்தை

போன மாதம் ஒரு நாள் காலை, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் வேலை பார்த்த தோல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. இந்த நான்கு வருடத்தில் கம்பெனியிலிருந்து வந்த போன்கள் இரண்டு. இரண்டும் சாவுச் செய்தி. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன்.

"ரெஜினா மேடம்தானே? நான் நிவேதா, இன்ஸ்பெக்ஷன்ல புதுசா சேர்ந்திருக்கேன்" என்றது ஒரு பெண் குரல். இஞ்சினியராம். தோலைத் தரம் பிரிக்கிற சார்ட்டிங் ஹாலில் கேமரா வைத்த மெஷின் வந்திருக்கிறதாம். தோல் பெல்ட்டில் போகும், கேமரா பார்க்கும், எங்கே என்ன குறை என்று திரையில் பெயர் விழும். அதற்கு முதலில் மெஷினுக்குச் சொல்லித்தர வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் சில தோல்களைக் காட்டி, இதுதான் வார்பிள், இதுதான் பாக்ஸ் என்று பழக்க வேண்டும்.

"எல்லாத்துக்கும் சாம்பிள் கிடைச்சிடுச்சி மேடம். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. க்ரிஸில்னு லிஸ்ட்ல இருக்கு. யாரைக் கேட்டாலும், அது பழைய டிஃபெக்ட்டு, ரெஜினாக்காவக் கேளுன்றாங்க. பாக்கறதுக்கு எப்படி மேடம் இருக்கும்?"

"கால் வலிக்குதும்மா, நாளைக்கிப் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். தைலத்தை மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நான் நினைக்கவே இல்லை. அதை அந்தப் பட்டியலில் ஏற்றியவள் நான். அப்படி ஒரு குறையோடு எந்த ஆடும் பிறந்ததில்லை.

நிவேதாவிடம் பாதி சொன்னேன், மீதியை இங்கே எழுதுகிறேன். எழுதச் சொன்னவளும் அவள்தான். எனக்கு எழுதுவதில் ஆசை ஒன்றும் இல்லை. முப்பத்தேழு வருடம் எழுதி எழுதியே கட்டைவிரல் மரத்துப்போயிருக்கிறது.

நான் பிறந்தது ஒடுகத்தூர்ப் பக்கம். பிளஸ் டூவும் டைப்ரைட்டிங்கும் முடித்து, ஆம்பூரில் கல்யாணம் ஆகி வந்த மூன்றாம் மாதமே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வேலையின் பெயர் ஷீட் கிளார்க். பதப்படுத்தி முடித்த தோல்களைச் சார்ட்டர்கள் ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, கட்டைவிரலால் தடவி, குறையைக் கத்திச் சொல்வார்கள். அதை இங்கிலீஷில் ஷீட்டில் எழுதுவது என் வேலை. அந்த ஷீட் தோலோடு சேர்ந்து கப்பல் ஏறி, வாங்குகிற வெளிநாட்டுக்காரன் கைக்குப் போகும். முதல் ஆறு மாதம் ஹாலின் வாடையில் மத்தியானச் சோறு இறங்கவில்லை. அப்புறம் வாடை இருப்பதே மறந்துவிட்டது. பழகின விதம் அவ்வளவுதான்.

ஷீட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ஆட்டோடு வந்த குறைகள்: முள் கீறினது, உண்ணி கடித்தது, பாக்ஸ் என்கிற அம்மைத் தழும்பு, வார்பிள் என்கிற, ஈ முட்டையிட்டுப் புழு துளைத்த ஓட்டை. வலது பக்கம் கம்பெனியில் நாம் செய்த குறைகள்: கத்தி பட்டது, சாயம் திட்டுத்திட்டாக ஏறினது, மெஷினில் கருகினது. இடது பக்கத்தில் எழுதினால் யாரும் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆட்டைக் கூப்பிட்டா விசாரிக்க முடியும்? வலது பக்கத்தில் எழுதினால் பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் எந்த மெஷின், அன்று அதில் நின்றது யார் என்று எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் பெயர் வந்தவருக்கு மறுநாள் மெமோ வரும்.

அந்தக் குறைகளின் பெயர்களை இங்கிலீஷ்காரனே மறந்திருப்பான் என்று நினைக்கிறேன். எங்கள் ஹாலில் அவை தமிழாகவே ஆகிவிட்டன. ஸ்கூல் பக்கமே போகாத சார்ட்டர் ஜெயராமன் அண்ணன் தம் சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசினால், "பாக்க பளபளன்னுதான் கீறாங்க ரெஜினா, தடவிப் பாத்தா உள்ள எல்லாம் ஸ்கட்டு" என்பார். ஸ்கட் என்றால் மயிரின் வேரும் சுண்ணாம்பும் சேர்ந்து தோலுக்குள் தங்கிப்போன அழுக்கு. "மாப்ள இன்னா கிரேடுண்ணா?" என்று கேட்டால், "மூணாவது. ரிஜெக்ட் பண்ண முடியாது, பொண்ணக் குட்த்தாச்சி" என்று சிரிப்பார்.

எங்கள் மேலதிகாரி ஆசீர்வாதம் சார். வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். அந்த வெயிலிலும் ஒரு நாள்கூடக் கையை மடித்துவிட்டு நான் பார்த்ததில்லை. கையில் ஒரு மரஸ்கேல் எப்போதும் இருக்கும். தோலை அந்த ஸ்கேலால்தான் தூக்குவார், ஷீட்டை அந்த ஸ்கேலை வரிக்கடியில் வைத்து வைத்துத்தான் படிப்பார். ஒரு ஷீட் படிக்க மற்றவருக்கு ஒரு நிமிடம் என்றால் இவருக்குப் பத்து நிமிடம். லாரி டிரைவர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான், இவர் ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்துவார்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு தோலுக்கு நான் "மார்க்" என்று எழுதிவிட்டேன். ஷீட் திரும்பி வந்தது.

"இன்னா மார்க்கும்மா இது?"

"தழும்பு சார்."

"முள்ளா, கொம்பா, குச்சியா? மார்க்குன்றது பள்ளிக்கூடத்துல போடறது. இங்க வேணாம்."

திருத்தி "ஸ்க்ராட்ச்" என்று எழுதிக் கொடுத்தேன். ஆறினதா, ஆறாததா என்று கேட்டுத் திரும்ப அனுப்பினார். அன்று அந்த ஒரு ஷீட் நாலு தடவை திரும்பியது. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம், "நாளையிலேர்ந்து போகல, அந்த ஆளு பேஜார் பண்றாரு" என்று அழுதேன். அவர், "சம்பளம் வாங்கிட்டு நின்னுக்கோ" என்றார். சம்பளம் வந்தபோது நிற்க மனசு வரவில்லை.

சாருக்கு ஒரே ஒரு பைத்தியம். வீட்டில் அட்டை போன பழைய இங்கிலீஷ் அகராதி ஒன்று இருந்தது. அதிலிருந்து இப்போது யாரும் பேசாத வார்த்தைகளைப் பொறுக்குவார். எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, அர்த்தம் வேறாக இருக்கும் வார்த்தைகள். தேதி காலண்டரில் முந்தின நாள் கிழித்த தாளின் பின்பக்கம் மூன்று நான்கு வார்த்தைகளைச் சின்னச் சின்னக் கையெழுத்தில் எழுதி, காலையில் நான் வருவதற்கு முன் என் மேசையில் குண்டூசி குத்தி வைத்திருப்பார். ஸ்கட், ஸ்கர்ஃப், ஸ்கஃப், ஸ்கேப் என்று ஒரு நாள். அழுக்கு, பொடுகு, தேய்வு, பொருக்கு. வெம், வென், வான் என்று ஒரு நாள். வெம் என்றால் கறை, அந்தக் காலத்து வார்த்தை. வென் என்றால் கழலைக் கட்டி. வான் என்றால் வெளிறிப் போனது.

"இதெல்லாம் எதுக்கு சார்? ஷீட்டுக்கு இருவது வார்த்தை போதுமே" என்று ஒரு தரம் கேட்டேன்.

"போதும்தான். ஆனா பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி இருக்கற வார்த்தைங்கள ஒண்ணா வச்சிப் பாத்தாத்தான், எது எவ்ளோ தூரம் விலகி நிக்குதுன்னு தெரியும். தெரிஞ்சா கை தப்பா எழுதாது."

எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தத் தாள்களை ஒன்று விடாமல் பிஸ்கெட் டப்பாவில் சேர்த்து வைத்தேன். பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒடுகத்தூரில் கடலைக்கொல்லையில் வளர்ந்தவளுக்கு, வெள்ளைக்காரனே மறந்த வார்த்தைகள் தெரியும் என்பதில் ஒரு கர்வம். மறைக்க என்ன இருக்கிறது, கர்வம்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆபீசில் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்பது கௌரவக் குறைச்சல். மேனேஜர் முதல் டெஸ்பாட்ச் பையன்கள் வரை எல்லாரும் அப்படித்தான். தெரியாத வார்த்தை வந்தால் "ஐ சீ" என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். கேட்டால் படிக்காதவன் என்று தெரிந்துவிடுமே! கேட்ட ஒரே ஆள் ஆசீர்வாதம் சார். அவருக்குத் தெரியாத வார்த்தை வந்தால், "எனக்குத் தெரியல, சொல்லுங்க" என்று வாய்விட்டுக் கேட்பார். அதனாலேயே மேனேஜருக்கு அவர் மேல் இளக்காரம்.

ஒரு மழைக்காலத்து நாள், தாளில் நாலு வார்த்தை இருந்தது. ட்ரிஸில், மிஸில், ஃப்ரிஸில், க்ரிஸில். முதலாவது தூறல். இரண்டாவது அதைவிடப் பொடித் தூறல். மூன்றாவது எண்ணெயில் பொரிந்து சுருளுவது. நாலாவது, தண்ணீர் உறைய ஆரம்பிக்கும்போதோ கண்ணாடி சரியாக ஆறாதபோதோ மேலே படருகிற மங்கலான சொரசொரப்பு.

"தண்ணி உறையறத நம்ம ஊர்ல யாரு சார் பாத்தது?" என்றேன்.

"நானும் பாத்ததில்ல" என்றார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இனி வசந்தா.

வசந்தா பிளேட்டிங் மெஷினில் நிற்பவள். என்னைவிட எட்டு வயது சின்னவள். அந்த மெஷினில் கண்ணாடி போலத் தேய்த்த இரும்புத் தகடு ஒன்று உண்டு. அதைச் சூடாக்கித் தோலை வைத்து அழுத்தினால் தோலுக்குப் பளபளப்பு வரும். பக்கத்தில் சூட்டைக் காட்டும் முள். மெல்லிய ஆட்டுத் தோலுக்கு முள் எழுபதில் நிற்க வேண்டும். தடித்த தோலுக்குக் கூட்ட வேண்டும்.

அவள் புருஷன் விட்டுப் போய்விட்டான். ஒரே பெண் குழந்தை, கவிதா, ஒன்பது வயது. சிறுநீரகத்தில் கோளாறு, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம். வசந்தாவின் வேலை இருக்கும் வரைதான் மெடிக்கல் கார்டு செல்லும். கார்டு இல்லாவிட்டால் அந்த வைத்தியத்தை அவளால் ஒரு வாரம்கூடப் பார்க்க முடியாது. இது ஹாலில் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேலைக்கு வருவாள், தாமதமாக வருவாள். தாமதத்துக்கே இரண்டு மெமோ வாங்கியாயிற்று. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும் என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் காலை ஜெயராமன் அண்ணன் மேசைக்குக் கறுப்பு ஆட்டுத் தோல் கட்டு ஒன்று வந்தது. முதல் தோலை விரித்தார். கட்டைவிரலை வைத்தார். எடுத்தார். இரண்டாவதை விரித்தார், மூன்றாவதையும் விரித்தார். எல்லாவற்றிலும் மேல்பரப்பு மங்கி, மெல்லிய சொரசொரப்பு. கத்திச் சொல்கிற மனுஷன் வாயே திறக்கவில்லை. பிளேட்டில் சூடு கூடிக் கருகினது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் வசந்தாவின் பெயர்.

"நீயே எழுதிக்க ரெஜினா. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று போய்விட்டார்.

நான் எழுந்து பிளேட்டிங் பக்கம் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே வசந்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா, முள்ளு எழுவதுலதான் இருந்துச்சிக்கா. நான் ரெண்டு தடவ பாத்தேன். எம்பொண்ணு மேல சத்தியமா."

"சரி, அழாத."

"நெஜமாக்கா. ஏத்தவே இல்ல."

"சரிம்மா, நான் பாத்துக்கறேன், நீ வேலயப் பாரு" என்றேன். நான் அவளை நம்பவில்லை. ராத்திரி எல்லாம் வார்டில் உட்கார்ந்துவிட்டு வந்தவள், தடித்த தோலுக்குக் கூட்டினதைக் குறைக்க மறந்திருப்பாள், பயத்தில் சத்தியம் செய்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாவம் என்கிற நினைப்பில் எனக்கு என்னைப் பற்றியே ஒரு நல்ல அபிப்பிராயம் வந்ததும் உண்மை.

மேசைக்குத் திரும்பி வந்து பேனாவை எடுத்தேன். வலது பக்கம் "பிளேட் பர்ன்" என்று எழுத வேண்டும், கட்டத்தில் வசந்தா என்று எழுத வேண்டும். கை போகவில்லை. சும்மா "ஸ்க்ராட்ச்" என்று இடது பக்கம் எழுதினால் பார்த்த உடனே தெரிந்துவிடும், கீறலே இல்லையே. அப்போதுதான் பிஸ்கெட் டப்பாவில் கிடந்த அந்த மழைக்காலத்துத் தாள் ஞாபகம் வந்தது. மேலே படரும் மங்கலான சொரசொரப்பு. இடது பக்கம், ஆட்டோடு வந்த குறைகளுக்குக் கீழே, "க்ரிஸில்" என்று எழுதினேன். இந்த ஆபீசில் இதற்கு அர்த்தம் கேட்க ஒருவருக்கும் வாய் வராது என்று தெரிந்துதான் எழுதினேன்.

ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆளுக்குத்தான் கேட்கவே வேண்டாமே!

சார் ஸ்கேலை வரி வரியாக நகர்த்தினார். அந்த வரிக்கு வந்து நின்றது. நான் அவர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். எழுந்தார், கட்டிலிருந்து ஒரு தோலை ஸ்கேலால் தூக்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வார்த்த சரிதாம்மா" என்றார். "பக்கம் சரியா?"

"சரி சார்."

"மெஷினப் போய்ப் பாத்தியா?"

"பாத்தேன் சார்." பார்க்கவில்லை. வசந்தாவைத்தான் பார்த்தேன்.

ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அவருக்கும் கவிதாவைத் தெரியும். சாயங்காலம் வேலூர் திரும்பியதும் ஒருசில நாள் அந்தக் குழந்தைக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஷீட்டை என்னிடம் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேனேஜர் ஷீட்டைப் பார்த்தார். "க்ரிஸில்... ஐ சீ. இந்த சீசன்ல இது ஜாஸ்தி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கட்டு ஒரு கிரேடு கீழிறங்கிப் போனது. வாங்கினவனும் ஏன் எதற்கு என்று எழுதவில்லை. வசந்தாவுக்கு மெமோ வரவில்லை. கார்டு செல்லுபடியாகவே இருந்தது.

மறுநாள் காலை என் மேசையில் தாள் இல்லை. சார் லீவோ என்று பார்த்தேன், வந்திருந்தார். அதற்கு அடுத்த நாளும் இல்லை. அப்புறம் எப்போதுமே இல்லை. என்னோடு பேசுவார், ஷீட்டைத் திருப்பி அனுப்புவார், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுப்பார். வார்த்தை மட்டும் கொடுக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட இல்லை. பழைய அகராதி வார்த்தை வராததற்கா அழுகிறாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இரண்டு வருடம் போனது. அதற்குள் அடுத்த மேசைக் கிளார்க்குகள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். பழைய ஷீட்டைப் பார்த்து எழுதுவதுதானே எங்கள் பழக்கம். மங்கலாக எது வந்தாலும் இடது பக்கம், க்ரிஸில். ஜெயராமன் அண்ணனே கத்த ஆரம்பித்துவிட்டார். என்னால் தடுக்க முடியவில்லை. தடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

வசந்தாவை ஃபினிஷிங்குக்கு மாற்றியிருந்தார்கள். பிளேட்டிங்கில் சுமதி என்று ஒரு பெண். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை முடிகிற நேரத்தில் தகட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் போவது வழக்கம். முள் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் துடைக்கலாம். ஒரு நாள் அப்படி முள் முப்பத்தைந்தில் இருந்தது. அவள் துணியோடு உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

அந்தச் சத்தம் ஹாலின் இந்தக் கோடியில் இருந்த எனக்குக் கேட்டது. ஓடினோம். துணி கையோடு ஒட்டியிருந்தது. முள் அப்போதும் முப்பத்தைந்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

பிறகு மெக்கானிக் கழற்றிப் பார்த்தான். சூட்டை அளக்கிற உறுப்பு எப்போதோ தளர்ந்து, தகட்டை விட்டு விலகிப் போயிருந்தது. தகடு எவ்வளவு சுட்டாலும் முள் குறைத்தே காட்டியிருக்கிறது. இன்றைக்கு நேற்று ஆனதில்லை, வருஷக்கணக்காய் இப்படித்தான் இருந்திருக்கும் என்றான். மேனேஜர் ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். இத்தனை நாளும் பிளேட்டிங்கில் ஒரு புகார்கூட இல்லையா என்று வலது பக்கங்களைப் புரட்டினார். ஒன்றும் இல்லை. எல்லாம் இடது பக்கத்தில் இருந்தது, ஆட்டின் தலையில்.

சுமதிக்கு மூன்று விரல் மடங்காமல் போய்விட்டது. நிச்சயித்த கல்யாணமும் நின்றுவிட்டது. தையல் பழகலாம் என்று யாரோ சொன்னதற்கு, "எந்தக் கையாலக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஆசீர்வாதம் சார் என் மேசைக்கு வந்தார். நான் இருக்கும்போது அவர் என் மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஸ்கேலை மேசை மேல் வைத்தார்.

"வலது பக்கம் ஆளப் புடிக்கறதுக்குன்னு மேனேஜர் நெனச்சிக்கினு இருக்காரு. அது மெஷினப் புடிக்கறதுக்கும்மா. உனக்கு அத நான் சொல்லல."

"சார், நான்..."

"அந்த வார்த்தைய நான்தான் உனக்குக் குடுத்தேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஏழு மாதத்தில் ஓய்வு பெற்றார். இப்போது அவர் இல்லை.

நிவேதாவின் போன் வந்த மறுநாள் கம்பெனிக்குப் போகாமல் முதலில் வசந்தா வீட்டுக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்குவதற்குள் கால் உயிர் போய்விட்டது. வசந்தா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கவிதா இப்போது ஆஸ்பத்திரி ஒன்றில் பில் போடுகிற இடத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கே ஒரு பெண் குழந்தை இருக்கிறது. சுவரில் மூன்று பேர் நிற்கிற போட்டோ. அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். இல்லாவிட்டால் பேசியிருக்க முடியாது.

"வசந்தா, அன்னிக்கி முள்ளு எழுவதுல இருந்துச்சின்னு சொன்னியே. அது நெஜம்."

அவள் கீரையை நிறுத்தவில்லை. "இத சொல்லவாக்கா இந்தக் காலோட வந்த?"

"நான் அன்னிக்கி நம்பல."

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் மூஞ்சியிலயே இருந்துச்சேக்கா. என்னக் காப்பாத்தின, ஆனா நம்பல. ரெண்டும் எனக்குத் தெரியும். மறுபடியும் மறுபடியும் சொல்லலாம்னு வாய் வரும். சொன்னா மெஷினப் பாப்பாங்க, பாத்தா பழசக் கிளறுவாங்க, ஷீட்டு ஏன் அப்படி இருக்குன்னு கேப்பாங்க. உன் வேலயும் போயிடும், என் கார்டும் போயிடும். வாயப் பொத்திக்கினு இருந்தேன்." கீரைக் காம்பை முறத்தில் போட்டாள். "சுமதி கல்யாணப் பத்திரிக அடிச்சிட்டு முதல்ல எனக்குத்தாங்க்கா குடுத்தா."

எனக்கு அழுகை வரவில்லை, அசதியாகத்தான் இருந்தது. கவிதா உயிரோடு இருக்கிறாள். எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் அன்று வலது பக்கத்தில் வசந்தா பெயரை எழுதியிருப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் வசந்தா வரை போனவள் அந்தத் தகட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்திருக்கலாம். முள் எழுபது காட்டும்போதே சுர்ரென்று கேட்டிருக்கும். அவள் சொன்னதை நம்பியிருந்தால் பார்த்திருப்பேன்.

மத்தியானம் கம்பெனிக்குப் போனேன். சார்ட்டிங் ஹாலில் மேசைகள் பாதி இல்லை. நிவேதா நாற்காலி போட்டு உட்கார வைத்து, திரையைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் ஷீட்டே அப்படியே திரையில் ஏறியிருந்தது, நடுவில் கோட்டோடு. இடது பக்கம், வார்பிளுக்குக் கீழே, க்ரிஸில்.

"சாம்பிள் வேணும்னா நானே தர்றேம்மா. பிளேட்டிங்ல ஒரு நல்ல தோலக் குடுத்து, சூட்ட ஏத்தி ஒரு அழுத்து அழுத்தச் சொல்லு. அதான் க்ரிஸில்."

அவள் புரியாமல் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். வசந்தா, சுமதி, சார், பிஸ்கெட் டப்பா. நடுவில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

"அப்போ லிஸ்ட்லேர்ந்து எடுத்துடவா மேடம்?"

"எடுக்காத. வார்த்த சரிதான். வலது பக்கம் மாத்து."

ஏதோ தட்டினாள். வார்த்தை கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. உடனே திரையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது.

"முதல்ல தப்பா என்டர் பண்ணது யாருன்னு கேக்குது மேடம். தெரியலன்னு போட்டுடலாம், விடுங்க."

"போடாத. ரெஜினான்னு போடு."

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "ஸ்பெல்லிங் சொல்லுங்க மேடம்" என்றாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.